எத்தனை அடி போட்டு?

துறைமுகமே இல்லாத செங்கல்பட்டு மாவட்டக் கரையில், படகின் நீளத்தை வைத்து மனிதரை எடைபோடும் பழக்கம் எங்கிருந்து வந்தது? அது யாரை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது?

மாமல்லபுரம் குப்பத்தில் ஒருவர் புது போட்டு எடுக்கப்போகிறார் என்று பேச்சு கிளம்பினால், விலையைக் கேட்பதற்கு முன்பே இன்னொரு கேள்வி வந்துவிடும். "எத்தனை அடி?" பதில் 28 என்றால் கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். 32 என்றால் நின்று இன்னும் நாலு விஷயம் விசாரிப்பார். "பழசையே ரிப்பேர் பார்த்து ஓட்டிக்கலாம்னு இருக்கேன் மாமா" என்று சொல்கிறவருக்குப் பதிலே வராது. ஏன் வரவில்லை என்பது சொன்னவருக்கும் தெரியும்.

மீனவர் குடும்பத்தில் போட்டு எடுப்பது வீடு கட்டுவதைவிடப் பெரிய முடிவு. வீட்டைப் பாதியில் நிறுத்தலாம், ஓலை வேய்ந்துகூட இருந்துகொள்ளலாம். போட்டு தவறாக அமைந்துவிட்டால் அடுத்த பத்து வருடச் சாப்பாடு தவறிப்போகும். நகை அடகுக்குப் போகும், மச்சான் வீட்டில் கைமாற்று வாங்க வேண்டிவரும், மீன் வியாபாரியிடம் முன்பணம் கேட்டு நிற்க வேண்டிவரும். இத்தனைக்கும் நடுவில், கடலைப் பற்றியும் மீனைப் பற்றியும் யோசிக்க வேண்டிய மனிதர், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று யோசிக்கத் தொடங்குகிறார். பெண் பார்க்கும் இடத்தில் கேட்பார்கள், கடன் தருபவர் கேட்பார், கோயில் திருவிழாவுக்கு வரி வசூலிக்கும்போதுகூட யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நல்ல பதிலாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இரண்டடி கூட்டி ஆர்டர் கொடுத்துவிட்டுப் பல வருடம் வட்டி கட்டியவர்கள் இந்தக் கரையில் எல்லாக் குப்பத்திலும் இருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரை சின்னப் படகுக்காரர்கள் பக்கம் நின்று எழுதப்படுவது. சின்னப் படகைத் தேர்ந்தெடுத்ததற்காக ஒருவர் தலைகுனிய வேண்டிய காரணம் எதுவும் இந்தக் கடலில் இல்லை. இருக்கும் காரணங்கள் எல்லாம் தரையில் நாம் உண்டாக்கியவை.

கரைதான் அளவு சொன்னது

முட்டுக்காட்டில் தொடங்கிக் கோவளம், நெம்மேலி, சூளேரிக்காட்டுக்குப்பம், பட்டிப்புலம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம், பாலாற்று முகத்துவாரம் தாண்டிக் கடலூர்க் கிராமம், பரமன்கேணி, ஆலம்பரை வரை பார்த்துக்கொண்டே போகலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் யாருக்கும் தெரிந்த ஊர்கள்தான். 2019-ல் காஞ்சிபுரத்திலிருந்து பிரித்துச் செங்கல்பட்டு மாவட்டம் உருவானபோது இந்தக் கரை அதன் பங்காக வந்தது. விசைப்படகுகள் அணிவகுத்து நிற்கும் துறைமுகம் இதில் ஒன்றுகூடக் கிடையாது. வடக்கே போனால் சென்னையின் காசிமேடு, தெற்கே போனால் புதுச்சேரி. நடுவில் இருப்பது திறந்த கடல், உடையும் அலை, மணல்.

அலை உடையும் கரையில் படகு என்னவாக இருக்க வேண்டும் என்று சொல்வது மனிதரின் ஆசை கிடையாது. காலை ஏழு மணிவாக்கில் கொக்கிலமேட்டுக் கரையில் நின்றால் இதைக் கண்ணால் பார்க்கலாம். வலை முடிந்து திரும்பும் போட்டு நேராக வந்து ஏறுவதில்லை. அலை உடையும் இடத்துக்கு வெளியே வேகத்தைக் குறைத்து நிற்கிறது. பின்னால் இன்ஜின் பிடித்திருப்பவர் கரையைப் பார்ப்பதே இல்லை. அவர் பார்வை முதுகுக்குப் பின்னால் கடலில் இருக்கிறது. பெரிய அலைகள் கூட்டமாக வந்து போனபின் கடல் கொஞ்ச நேரம் தணியும். அந்த இடைவெளி வந்ததும் இன்ஜின் முழுச் சத்தத்தோடு முடுக்கப்படுகிறது. ஓர் அலையின் முதுகை ஒட்டியே போட்டு உள்ளே பாய்கிறது. தரை தட்டுவதற்கு ஒரு நொடி முன்னால், நீண்ட தண்டின் முனையில் சுழலும் விசிறியைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட வேண்டும். தாமதித்தால் விசிறி மணலில் மோதி உடையும். முந்திவிட்டால் வேகம் செத்து, போட்டு பக்கவாட்டில் திரும்பி, அடுத்த அலையில் கவிழும். மூக்கு மணலில் ஏறியதும் இரண்டு பேர் குதித்துக் கயிற்றைப் பிடிக்கிறார்கள், கரையில் நிற்பவர்கள் ஓடிப்போய்த் தோள் கொடுக்கிறார்கள், வசதியுள்ள குப்பங்களில் டிராக்டர் வந்து இழுக்கிறது. சில நிமிடங்களில், கடலில் இருந்த போட்டு பனை உயரத் தூரம் தள்ளி மணலில் உட்கார்ந்திருக்கிறது.

இத்தனையையும் செய்யக்கூடிய படகுக்கு ஓர் எல்லை உண்டு. தூக்கவோ இழுக்கவோ முடியாத எடை வந்துவிட்டால் அது இந்தக் கரைப் படகாக இருக்க முடியாது. அடி ஆழமாக இருக்கும் விசைப்படகு அலை உடையும் இடத்திலேயே தரை தட்டி நின்றுவிடும். ஆக, இங்கே ஒருவர் 28 அடிப் போட்டு வைத்திருக்கிறார் என்றால், அவருடைய சட்டைப்பையைப் பற்றி அது கொஞ்சம்தான் சொல்லும். அவர் ஊர்க் கரையின் சரிவைப் பற்றியும் அலையைப் பற்றியும் நிறையச் சொல்லும்.

இந்த உண்மையைச் சென்னையை ஆண்ட வெள்ளைக்காரர்கள் தினமும் கண்ணெதிரே பார்த்தார்கள். மதராஸில் துறைமுகம் கட்டும் வேலை 1870-களின் நடுவில்தான் தொடங்கியது. 1881-ல் வந்த புயல் அதையும் பெயர்த்துப் போட்டது. துறைமுகம் வரும்வரை இங்கிலாந்திலிருந்து வந்த மாபெரும் கப்பல்கள் எல்லாம் அலைக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்துக் கிடந்தன. ஆளுநரானாலும் சரக்கானாலும் கரைக்கு வர மசூலா படகுதான் வேண்டும். ஆணியே அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. அலை அடிக்கும்போது உடையாமல் நெளிந்து கொடுக்கும். கடல் இன்னும் கொந்தளித்தால் மசூலாவும் இறங்காது. அப்போது கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள். கடலில் எது பெரியது என்ற கேள்விக்கு இந்தக் கரை அன்றைக்கே பதில் சொல்லிவிட்டது.

மதிப்பெண் போட்டது யார்?

பிறகு எப்போது சின்னப் படகு என்பது குறையாகிப்போனது?

சுதந்திரத்துக்குப் பிறகு மீன்வளத்தை வளர்ப்பது என்றால் இயந்திரம் பொருத்துவது, படகைப் பெரிதாக்குவது என்ற எண்ணம் வேரூன்றியது. 1950-களில் கேரளத்தில் கொல்லம் பக்கம் நார்வே நாட்டு உதவியோடு தொடங்கிய திட்டம் அதற்கு வழிகாட்டி. இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைக்கத் தொடங்கியதும் இழுவைமடி போடும் விசைப்படகுகள் பெருகின. தமிழகத்திலும் மானியம், கடன், பயிற்சி எல்லாம் அந்தத் திசையிலேயே போயின. விசைப்படகு எடுத்தவர் முன்னேறியவர், கட்டுமரத்தில் இருப்பவர் பின்தங்கியவர் என்ற அளவுகோல் அரசாங்கக் காகிதத்திலிருந்து கிளம்பிக் குப்பத்துத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது.

இழுவைமடி கரையை ஒட்டி ஓடியபோது கட்டுமரக்காரர்களின் வலைகள் அறுந்தன. 1970-களில் சென்னைக் கரை உட்படப் பல இடங்களில் மோதல் வெடித்தது, உயிர்கள் போயின. மத்திய அரசு 1976-ல் மஜும்தார் குழுவை அமைத்தது. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 1983-ன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்று முதலில் வகுத்தார்கள். 2020-ன் விதிகளில் அது 5 கடல் மைலானது. ஏறக்குறைய 9 கிலோமீட்டர். சின்னப் படகுக்கென்று கடலில் ஓர் இடம் இருக்கிறது என்று சட்டம் ஒப்புக்கொண்ட கோடு அது. ராத்திரி நேரத்தில் அந்தக் கோட்டை யாரும் பார்ப்பதில்லை என்பது இந்தக் கரையின் நெடுநாள் குறை. விடியற்காலையில் விரித்த வலையைத் தேடிப்போய், மிதவை மட்டும் மிதப்பதைக் கண்டு திரும்பியவர்கள் சட்டப் பிரிவின் எண்ணைச் சொல்வதில்லை. போன வலையின் விலையைச் சொல்கிறார்கள்.

அளவு இன்றைக்கும் எல்லாக் காகிதத்திலும் இருக்கிறது. படகின் முகப்பில் எழுதும் பதிவு எண்ணிலேயே வகை உண்டு: எம்.எம். என்றால் விசைப்படகு, எம்.ஓ. என்றால் இன்ஜின் பொருத்திய நாட்டுப்படகு. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் மு.க.ஸ்டாலின் வரிவிலக்கு டீசலின் அளவை உயர்த்தி அறிவித்தார். விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர் 19,000 ஆனது. நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டர் 4,400 ஆனது. பெரிய இன்ஜின் அதிகம் குடிக்கும், அதனால் அதிகம் தருகிறார்கள் என்பது சரியான பதில்தான். ஆனால் தமிழகத்தில் விசைப்படகுகள் 6,000-க்கும் குறைவு. நாட்டுப்படகுகள் 30,000-க்கும் மேல். திட்டம் தீட்டும் மேசையில் யாருடைய குரல் ஓங்கி ஒலிக்கிறது என்று யோசிக்க இந்த எண்கள் போதும்.

கட்டுமரத்தின் கடைசி நாள்

2004 டிசம்பர் 26 காலை சுனாமி இந்தக் குப்பங்களைப் புரட்டிப் போட்டது. கட்டுமரங்கள் சிதறின, வலைகள் தென்னை மரங்களில் தொங்கின. உதவ வந்தவர்கள் நல்ல மனதோடு வந்தார்கள். எல்லோருக்கும் கொடுக்கத் தோன்றிய ஒரே பொருள் ஃபைபர் போட்டு. அது கண்ணுக்குத் தெரியும், பெயர் எழுதலாம், படம் எடுக்கலாம்.

கடற்கரை நெடுகிலும் ஃபைபர் பட்டறைகள் திடீரென்று முளைத்தன. அவசரத்தில் வார்த்த போட்டுகளில் பல இரண்டு பருவம் தாங்கவில்லை. தரத்தைப் பற்றி ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் மீனவர் கூட்டுறவு அமைப்புகளும் அப்போதே எச்சரித்தன. சுனாமிக்கு முன் இருந்ததைவிட அதிகமான போட்டுகள் கரையில் நின்றன. நேற்றுவரை பங்காளியாகக் கூடப் போனவருக்குச் சொந்தப் போட்டு வந்ததில் நியாயமும் இருந்தது, மகிழ்ச்சியும் இருந்தது. கூடப் போக ஆள் கிடைக்காமல் போனது அடுத்து வந்த சிக்கல். கட்டுமரம் கிட்டத்தட்ட மறைந்தது. நான்கைந்து மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி, கடலுக்குப் போய்வந்ததும் அவிழ்த்துக் காயப்போட்டு, மறுநாள் மீண்டும் கட்டிக்கொண்டு போன அந்த மூழ்காத மிதவை, பழைய ஆட்களின் சாமான் ஆனது.

ஃபைபர் போட்டால் நன்மை இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. கட்டுமரத்தில் இடுப்பளவு ஈரத்தில் உட்கார்ந்து துடுப்புப் போட்ட தலைமுறையின் முழங்காலைக் கேட்டால் தெரியும். தூரம் போகலாம், வஞ்சிரம் தேடலாம், வெயில் ஏறுவதற்குள் திரும்பலாம். என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. கட்டுமரத்திலிருந்து போட்டுக்கு மாறியபோது படகு மட்டும் மாறவில்லை. போட்டி போடும் அளவுகோல் ஒன்றும் கரைக்கு வந்துவிட்டது. கட்டுமரத்துக்கு யாரும் அடி கேட்டதில்லை. யார் மரம் நன்றாக ஓடுகிறது, யாருக்கு மீன் இருக்கும் இடம் தெரியும், யார் அலையில் கவிழாமல் வருவார் என்றுதான் பேசினார்கள். மதிப்பு ஆளிடம் இருந்தது. இன்று அதில் ஒரு பகுதி பட்டறையில் விலைக்குக் கிடைக்கிறது.

சின்னப் படகை மேம்படுத்த உண்மையாக உழைத்தவர்களும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஜில்லே, மீனவர்களோடு சேர்ந்து ஒட்டுப்பலகையில் கட்டுமர வடிவப் படகுகளை உருவாக்கினார். அந்த அனுபவத்தை அவர் 1985-ல் புத்தகமாக எழுதினார். சின்னப் படகின் தொழில்நுட்பத்தைக் கரையில் ஊன்றவைப்பது எவ்வளவு கடினம் என்பதுதான் அதன் பேச்சு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979 முதல் இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலையைக் கடந்து மணலில் ஏறும் படகுகளை ஆண்டுக்கணக்கில் சோதித்தது. தரை தட்டும்போது விசிறியை மேலே தூக்கிக்கொள்ளும் அமைப்பையும் வடிவமைத்தது. கெட்டிக்காரப் பொறியாளர்கள் சின்னப் படகை ஒரு முழுமையான சவாலாக எடுத்துக்கொண்ட காலம் அது. பெரிய படகு கட்ட முடியாதவர்கள் செய்த வேலை என்று யாரும் அதைச் சொல்ல முடியாது.

பெரிசா எடுத்தா எங்கே நிறுத்துவது?

இந்தக் கரையில் பெரிய படகுக்கு ஆசைப்படுகிறவர் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. விசைப்படகு வாங்கினால் அது காசிமேட்டிலோ புதுச்சேரியிலோதான் நிற்க முடியும். படகு அங்கே நின்றால் ஆளும் அங்கேதான் இருக்க வேண்டும். மனைவி மக்கள் குப்பத்தில், தொழில் 50 கிலோமீட்டருக்கு அப்பால். ஊர்ப் பஞ்சாயத்தில் உட்காரும் இடம் மெல்ல வேறொருவருக்குப் போய்விடும். எந்த வலை போடலாம், எந்த வலை கூடாது, எந்த நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்பதையெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தீர்மானித்துவந்த பஞ்சாயத்து அது. சோழமண்டலக் கரையின் மீனவர் பஞ்சாயத்துகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த டச்சு அறிஞர் மார்ட்டன் பாவிங்க், அரசின் சட்டத்துக்கு இணையாக அவை கடலை ஆளும் விதத்தைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

பெண்களின் கணக்கும் இதில் இருக்கிறது. படகுப் பேச்சில் அதை யாரும் சேர்ப்பதில்லை. 28 அடிப் போட்டு கரையேறும் இடத்தில் வலையிலிருந்து மீனைக் கழற்றுவதிலிருந்து பெண்களின் கை தொடங்குகிறது. கூறு கட்டுவது, ஏலம் கேட்பது, ஐஸ் போட்டுக் கூடையில் ஏற்றித் திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று கொண்டுபோய் விற்பது எல்லாம் அவர்கள் தொழில். நெத்திலியும் காரப்பொடியும் சங்கராவும் மணலில் கைமாறிச் சில மணி நேரத்தில் அடுப்புக்குப் போய்விடும். பிடித்தவர் வீட்டுக்குப் பணம் அன்றைக்கே வரும். அதே மீன் பெரிய படகில், பல நாள் ஐஸில் கிடந்து, துறைமுகத்தில் இறங்கினால் அதை எடுப்பவர் லாரியோடு வரும் மொத்த வியாபாரி. படகு நீளும்போது குப்பத்துப் பெண்ணின் கூடை காலியாகிறது. பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளை வீட்டுப் போட்டின் அடியைக் கேட்கும் தாய்மார்கள், அந்தப் போட்டின் மீன் எங்கே இறங்கும் என்றும் கேட்டால் நல்லது.

இன்னொன்று, சும்மா இருக்கும் உரிமை. சின்னப் போட்டு வைத்திருப்பவர் காலையில் கரையில் நின்று காற்றைப் பார்ப்பார். நீரோட்டம் சரியில்லை, மீன் பாடு இல்லை என்று பட்டால் போட்டைத் தொடாமல் வலை பின்னப் போய்விடுவார். அன்றைக்கு அவருக்கு வரவும் இல்லை, செலவும் இல்லை. பெரிய படகுக்கு இது முடியாது. கடன் தவணைக்கு ஞாயிறும் இல்லை, காற்றும் இல்லை. மீன் இருக்கிறதோ இல்லையோ டீசல் போட்டுக் கிளம்பியாக வேண்டும். பாடு இல்லாமல் திரும்பினால் அந்த நஷ்டத்தை அடைக்க மறுநாளும் கிளம்ப வேண்டும். டீசலும் பேட்டாவும் போக மிச்சத்தைப் படகுக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிக்கும் வழக்கம் இங்கே உண்டு. செலவே மொத்தத்தையும் விழுங்கிய நாளில் பிரிக்க ஒன்றும் இருக்காது. கூட வந்தவர்கள் முகத்தைப் பார்ப்பது படகுக்காரருக்குப் பெரிய தண்டனை.

பாக் நீரிணையில் அரசே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது. ராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள் இழுவைப் படகுகளைக் கைவிட்டு ஆழ்கடலில் சூரை பிடிக்கப் போகட்டும் என்று 2017-ல் ஒரு திட்டம் வந்தது. படகு ஒன்று 80 லட்ச ரூபாய். அதில் பாதியை மத்திய அரசும், 20 சதவீதத்தை மாநில அரசும் ஏற்றன, மீதி கடனும் சொந்தப் பணமும். இவ்வளவு மானியம் இருந்தும் மீனவர்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தை அறியாமை என்று எழுதியவர்கள் உண்டு. ஒரு நாள் போய்வந்து பழகிய குடும்பம் வாரக்கணக்கில் கடலில் கிடக்கும் தொழிலுக்கு மாறுவது படகு மாற்றுவது மட்டும் கிடையாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

சின்னது என்பதாலேயே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ஃபைபர் போட்டுகள் பல ஒன்றுசேர்ந்து போடும் சுருக்குமடி வலை, ஒரு கூட்டம் கவலை மீனை ஒரே வளைப்பில் அள்ளிவிடும். தமிழக அரசு அதை 2000-லேயே தடை செய்தது. தடையை மீறுகிறவர்களுக்கும் எதிர்க்கிறவர்களுக்கும் நடுவே கடலூர், நாகப்பட்டினம் பக்கம் அடிதடி நடந்தது. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள் வியாழன் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று நிபந்தனையோடு அனுமதித்தது. சின்னப் போட்டில் போகிறவருக்கு ஆபத்தும் அதிகம். ராத்திரியில் கப்பல் பாதையில் ஒரு சின்ன விளக்கோடு நிற்கும் போட்டைக் கப்பலில் வருகிறவர்கள் பார்ப்பார்கள் என்பது நம்பிக்கை மட்டுமே. கரையோரத்தில் மீன் குறைந்ததால் அதே 28 அடிப் போட்டில் முன்பைவிட அதிகத் தூரம் போகிறார்கள். 32 அடிக்கு மாறுகிற பலர் பெருமைக்காக மாறவில்லை. தூரம் கூடிவிட்டது, உயிருக்குப் பயந்து மாறுகிறார்கள். அவர்களையும் யாரும் குறை சொல்லக் கூடாது. பெருமைக்கு மாறுவதையும் தேவைக்கு மாறுவதையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த கரையாக இது இருக்க வேண்டும்.

மணல் போனால்

படகின் அளவைப் பற்றிய பேச்சு கடைசியில் மணலில் வந்து நிற்கிறது. இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சில மாதம் திரும்பி ஓடுகிறது. குறுக்கே கல் போட்டால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் இதற்குப் பெரிய சாட்சி: அதன் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் கரையைக் கடல் தின்றது. பெரிய படகு வேண்டும் என்றால் துறைமுகம் வேண்டும். துறைமுகம் கட்டினால் பக்கத்துக் குப்பத்தின் மணல் போகும். மணல் போனால் அங்கே சின்னப் போட்டை ஏற்ற இடமிருக்காது. ஒரு குப்பத்தின் ஆசைக்கு இன்னொரு குப்பம் கரையைக் கொடுக்க வேண்டிவரும்.

ஆலம்பரைக்குப்பத்துக்கும் விழுப்புரம் மாவட்டத்து அழகன்குப்பத்துக்கும் நடுவே முகத்துவாரத்தில் மீன்பிடித் துறைமுகம் கட்டும் திட்டம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது இந்தப் பயத்தால்தான். நெம்மேலியிலும் சூளேரிக்காட்டுக்குப்பத்திலும் கரை அரிப்பு பெரிய துயரம். 2013-ல் அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்த பிறகு அது கூடியது என்று மீனவர்கள் சொல்லிவருகிறார்கள். போட்டு நிறுத்த மணல் இல்லாமல் சாலை ஓரம்வரை இழுத்துப் போடும் நிலை. தங்கள் ஊருக்குத் தூண்டில் வளைவு (அலையைத் தடுக்கும் கற்சுவர்) வேண்டும் என்று மாமல்லபுரம் உட்படப் பல குப்பங்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. கேட்கிறவர்கள் மேல் தவறில்லை; கண்ணெதிரே கரை போகும்போது கையில் கிடைத்ததைத்தான் கேட்பார்கள். ஒவ்வொரு குப்பத்துக்கும் தனித்தனியாகக் கல் கொட்டாமல், முழுக் கரையையும் ஒன்றாகப் பார்த்து முடிவெடுப்பது அரசின் கடமை.

உலகம் சின்னப் படகுகளின் பக்கம் திரும்பிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. சிறு மீன்பிடித் தொழிலுக்கான வழிகாட்டு நெறிகளை 2014-ல் உணவு வேளாண் அமைப்பின் உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்டன. அதற்காகச் சென்னையிலிருந்து ஓயாமல் உழைத்தவர் சந்திரிகா சர்மா. அந்த ஆண்டு மார்ச் 8-ல் மாயமான மலேசிய விமானத்தில் அவர் இருந்தார். நெறிகள் அவர் நினைவுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. அதே அமைப்பு பங்கேற்ற ஆய்வொன்று 2023-ல் வெளியானது. உலகில் பிடிபடும் மீனில் குறைந்தது 40 சதவீதம் சிறு மீனவர்களிடமிருந்து வருகிறது என்றும், மீன்பிடித் தொழிலில் இருக்கும் பத்தில் ஒன்பது பேர் அவர்களைச் சேர்ந்தவர்கள் என்றும் அது கணக்கிட்டது. தங்களைச் சின்னவர்கள் என்று நினைத்துக் கூசும் மனிதர்கள்தான் உலக மீனவர்களில் பெரும்பான்மை.

அடுத்த வேலை வரைபடத்தில் இருக்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி, மீன்பிடிப் பகுதிகளும் மீனவர் பயன்படுத்தும் இடங்களும் கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். 2023 ஆகஸ்டில் கடலோர மாவட்டங்களில் வரைவு வரைபடங்கள் மீது கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தபோது, தங்கள் குப்பமும் படகு நிறுத்தும் இடமும் வலை உலர்த்தும் இடமும் அதில் இல்லை என்று மீனவர்கள் எழுந்து நின்று சொன்னார்கள். காலி மணல் என்று வரைபடத்தில் இருப்பது நாளைக்கு விடுதியாகலாம், பூங்காவாகலாம், சுற்றுச்சுவருக்குள் போகலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிலத்தின் விலை தெரிந்த யாருக்கும் இது புரியும். நெம்மேலியிலும் தேவனேரியிலும் கொக்கிலமேட்டிலும் போட்டு ஏறும் இடம், டிராக்டர் திரும்பும் இடம், பெண்கள் ஏலம் போடும் இடம், புயல் எச்சரிக்கை வந்தால் போட்டுகளை இழுத்துவைக்கும் மேட்டு இடம் இவையெல்லாம் எத்தனை அடி என்று ஊர்க்காரர்களை வைத்துக்கொண்டு அளந்து, வரைபடத்தில் ஊர்ப் பெயரோடு எழுதித் தர வேண்டும். ஒவ்வொரு குப்பத்திலும் அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அளவு நாடாவோடு யாராவது போய்க் கேட்க வேண்டும்.